கடைசியாக ஏற்ற வேண்டியது

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
பட்டியல் எழுதத் தொடங்கி இது மூன்றாவது வாரம்.
முதல் வரி: கயிறு.
இரண்டாவது வரி: நல்ல கயிறு.
முதல் வரியை வாங்கி வந்தது இவர்.

தக்கலையிலிருந்து பார்வதிபுரத்துக்கு
ஒரு மணிக்கூர்கூட ஆகாது.
மூத்தவளுக்கு அங்கே பிளஸ் ஒன் கிடைத்திருக்கிறது.
மினிடோர் விஜிலன், சாமானைப் பார்க்குமுன்னே
ரெண்டு நடை என்றான்.
பார்த்துவிட்டு மூன்று என்கிறான்.
மழை பெய்தால் தார்ப்பாய்க்குத் தனிக்காசு.
ஆனி மாசம்.
பெய்யாவிட்டால் எவ்வளவு குறைப்பாய் என்று கேட்டேன்.
சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கின அட்டைப்பெட்டிகள்.
குளுக்கோஸ் என்று எழுதினதில் செருப்பு,
இருமல் மருந்தில் மாங்காய் ஊறுகாய்.
எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.
அதனால் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

சுவரில் பதினேழு ஆணி.
ஞானதாஸ் சார் போனமாசம் வந்து
காப்பி குடித்துக்கொண்டே எண்ணிவிட்டுப் போனார்,
உதடு அசையாமல்.
ஆணிக்கு நூறு வீதம் அட்வான்சில் பிடிப்பாராம்.
ராத்திரி பிள்ளைகள் உறங்கினபிறகு
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
ஓட்டையில் வெள்ளைப் பற்பசை அடைக்கிறேன்.
சுவருக்கு இப்போது புதினா வாசனை.
பன்னிரண்டு முடிந்தது.
பதின்மூன்றாவதில் காலண்டர் தொங்குகிறது,
போகிற நாளுக்கு வட்டம் போட்டிருப்பது அதில்தான்.
அது கிடக்கட்டும்.

பீரோவைத்தான் ஒன்றும் செய்யமுடியவில்லை.
அது வந்த வருஷம் வழி அகலமாக இருந்தது.
பிறகு சார் குளிமுறி கட்டினார்,
சுவர் ஒரு முழம் இந்தப்பக்கம் வந்தது.
நூல் பிடித்து அளந்தேன்,
குறுக்கே, சரித்து, தலைகீழாக.
நாலு விரல் இடிக்கிறது.
"அறுத்துக் கொண்டுபோவமா?" என்கிறார் இவர்,
அறுக்கப்போவது யாரென்று சொல்லாமல்.

நேற்று, அடுத்துக் குடிவருகிறவர்கள் பார்க்க வந்தார்கள்.
புருஷன் வாடகை பேசிக்கொண்டிருக்க
அவள், கருங்கல் பக்கமாம், றெஜினி என்று பேர்,
அடுக்களையில் நான் பாத்திரத்தைப் பேப்பரில் சுற்றுவதைப்
பார்த்துக்கொண்டு நின்றாள்.
"தண்ணி வருமா அக்கா?"
வாசலில் நின்ற சார் பேச்சை நிறுத்தினார்.
"வரும்" என்றேன்.
எப்போது என்று அவள் கேட்கவில்லை.
என் அட்வான்ஸ் இன்னும் அவர் கையில்.

பீரோவைக் காட்டினேன். மூவாயிரம் என்றேன்.
அவள் வழியைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள்,
"ஆயிரத்தைந்நூறு" என்றாள்.
கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவள்.
சரி என்றேன்.

அவர்கள் போனபிறகு
பட்டியலின் அடியில் மிச்சமிருந்ததைக் கிழித்து எழுதினேன்:
தண்ணி ஏழு நாளைக்கொருக்கா, விடியக்காலம் நாலரைக்கு.
அடுக்களைக் குழாயை இடப்பக்கம் திருகினால்தான் அடையும்.
எறும்பு ஜன்னல் வழியாக ஏறினால் கொடித்துணியை எடு.
சார் வந்தால் காப்பிக்குச் சீனி குறை, சீக்கிரம் கிளம்புவார்.
ஆணி அடிக்காதே.
அடித்தால் பற்பசை வெள்ளை. நீலம் வேண்டாம்.
மடித்து, பீரோவின் மேல்தட்டில்
பேப்பர் விரிப்புக்கு அடியில் வைத்தேன்.

கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.
பார்வதிபுரத்து வீட்டை நாங்கள் பார்க்கப்போன அன்று
அங்கேயும் ஒருத்தி
பாத்திரம் சுற்றிக்கொண்டிருந்தாள்.
"வீடு எப்படி?" என்றேன்.
"நல்ல வீடு" என்றாள்.
அவள் பின்னால் வீட்டுக்காரர்.
சொல்லும்போது கூரையை ஒருதரம் பார்த்தாள்.
நான் கவனிக்கவில்லையோ என்று
இன்னொருதரம் பார்த்தாள்.

விஜிலனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்:
மூன்றாம் நடையில், எல்லாம் ஏற்றினபிறகு,
கயிறு கட்டுமுன்,
ரெண்டு வாளி.
நிறுத்தினவுடன் கைக்கு எட்டுகிற மாதிரி.