இரண்டாம் பக்கம்

இந்த மார்ச்சில் மூன்று இசைத்தட்டுகள் வெளியிடுகிறோம்.
தம்பெரேயில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால்
ஒன்றரை அறை, ஒரு தபால் தராசு, ஒட்டுநாடா.
கம்பெனிக்கு இறவாணம் என்று பெயர்.
முதல் ஒலிப்பதிவின்போது வெளியே பனி உருகி
கூரை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.
நிறுத்தச் சொல்ல முடியுமா?
டிரம்ஸ்காரன்தான் அதற்கு இடம் விட்டு வாசித்தான்.

எண் இருபத்திரண்டு:
வேய்க்கோவின் டபுள் பாஸ், துணைக்கு யாருமில்லாமல்.
தண்ணீர் வடித்த நகராட்சி நீச்சல்குளத்தில்
ஆழமான பக்கம் நின்று வாசித்தது.
நாலாவது நிமிடத்தில் ஒரு இருமல் வரும்.
அது நான்.

எண் இருபத்து மூன்று:
மூன்று பெண்கள். பாஸ் கிளாரினெட், வைப்ரஃபோன்,
தட்டுவதற்கு ஒரு மரத்து மீன்பெட்டி.
மூவரில் இருவர் இப்போது பேசிக்கொள்வதில்லை.
ஐந்தாவது உருப்படியைக் கேட்டால்
பேச்சு எங்கே நின்றது என்பது தெரியும்.

எண் இருபத்து நாலு.
சொல்கிறேன்.

போன செவ்வாய் ஆலையிலிருந்து வண்டி வந்தது.
முந்நூறு தட்டு, பன்னிரண்டு பெட்டி.
படியில் உப்பு தூவி, வழுக்காமல் ஏற்றினோம்.
ரைலி ஒன்றைப் பிரித்து ஊசி வைத்தாள்.
ஓஸ்மோவின் சாக்ஸபோன்,
சுரம் பிறக்கும் முன் வரும் அந்த நீண்ட வெறும் காற்று.
திருப்பிப் போட்டாள்.
அதே காற்று.
இன்னொன்றைப் பிரித்தாள். அதே காற்று.
ஏழாவதை அவள் பிரிக்கவில்லை.

ஆலைக்காரர் போனில் கோப்புகளின் பெயரை
நிதானமாக வாசித்துக் காட்டினார்.
ஒரே கோப்பு, இரண்டு முறை.
இரவு இரண்டு மணிக்கு அனுப்பியது நான்.
அதை ரைலியிடம் இன்னும் சொல்லவில்லை.
கவிதை என்றால் அவள் படிக்க மாட்டாள்.

மறுபடி அச்சடிக்க இரண்டாயிரத்து நூறு யூரோ.
கையில் இருந்தது நூற்று அறுபதும்
இரண்டு கட்டை வேலை செய்யாத ஒரு கீபோர்டும்.
ரைலி கத்தவில்லை.
காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது,
அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓஸ்மோ பகலில் டிராம் ஓட்டுகிறான்.
கடைசி நிறுத்தத்தில் அவனுக்கு ஆறு நிமிடம் ஓய்வு.
அதில் நாலு நிமிடம் நான் பேசினேன்.
பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான்.
"எதையும் இரண்டு தடவை ஒரே மாதிரி வாசிக்கத் தெரியாதவன் என்று
இரண்டு குழுவிலிருந்து என்னைத் துரத்தினார்கள்.
இப்போது பார்,
முந்நூறு தடவை செய்திருக்கிறேன்."
கதவு மூடும் மணி அடித்தது.
சிரித்தபடியே வண்டியை எடுத்தான்.

ரைலிதான் ரப்பர் முத்திரை செய்யக் கொடுத்தாள்.
ஒவ்வொரு உறையிலும் நீல மையில் குத்தினோம்:
இரண்டாம் பக்கம் வியாழன் மாலை ஆறு மணிக்கு.
சைக்கிள் கடை. தட்டோடு வரவும்.

பதினேழு பேர் வந்தார்கள்.
டயர்களுக்கு நடுவே, கிரீஸ் வாசத்தில்,
ஈர பூட்ஸோடு, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.
சப்போரோவிலிருந்து ஒருவர்,
எண் ஒன்றிலிருந்தே எல்லாம் வாங்குபவர்,
பாராட்டியோ திட்டியோ ஒரு வரி எழுதாதவர்,
முதல் முறையாக எழுதியிருந்தார்:
வியாழன் வர இயலாது. தொலைபேசியில் கேட்கலாமா?

போனை நிறுத்தி வைக்க வேறு இடம் இல்லை.
தராசின் மேல் சாய்த்து வைத்தேன்.
ஓஸ்மோ சீருடையைக்கூட மாற்றாமல் வாசித்தான்.
நாங்கள் பதிவு செய்த இரண்டாம் பக்கம் அல்ல அது.
"இது அது இல்லையே" என்றாள் ரைலி என் காதில்,
கோபமாகவா என்று தெரியவில்லை.
ஒரு சைக்கிள் சக்கரம் தானாக
கொஞ்சம் சுற்றி நின்றது.

எல்லாரும் போன பிறகுதான் கவனித்தேன்.
போன் இன்னும் தராசில் இருந்தது.
நூற்றுத் தொண்ணூற்றோரு கிராம்.
அந்தப் பக்கம் நள்ளிரவு தாண்டியிருக்கும்.
வைக்கவில்லை அவர்.
ஒரு இருமல் கேட்டது.

எண் இருபத்து நாலில் இன்னும் இருநூற்று இரண்டு இருக்கின்றன.
அடுத்த வியாழனும் உண்டு,
ஓஸ்மோவுக்கு அன்று மாலை ஷிஃப்ட்,
டிராம்காரர்கள் யாராவது மாற்றிக்கொண்டால்.