பத்தொன்பது நாள்

கிருஷ்ணகிரியில்
ராயக்கோட்டை ரோடு சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரை
போனில் அடித்துப் பார்க்கிறேன்.
அரசாங்கச் செயலிதான், காசில்லை.
எந்தக் கம்பெனி வண்டி, எந்த வருடம்,
எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தேதி.
எனக்கு அந்தத் தேதி மட்டும் போதும்.

ஐந்து வருடத்துக்கு முன்பு
இந்தப் பழக்கம் எனக்கில்லை.

அன்று திம்மராயனின் பிக்கப்பில்
நாற்பது கிரேட் தக்காளி.
வேடியப்பனின் எக்ஸ்எல்லில்
காலி டிபன் கேரியர், இரண்டு கிலோ கேழ்வரகு மாவு.
யார் மேல் தப்பு என்று சண்டையே வரவில்லை.
ஸ்டேஷனில் அவரே சொல்லிவிட்டார்:
கண் அசந்துட்டேன் சார்.

சண்டை ஒரு காகிதத்தோடு வந்தது.
மார்ச் நாலாம் தேதி நள்ளிரவில் முடிந்துபோன காகிதம்.
என் வீட்டுக்காரர் போனது இருபத்து மூன்று.
நடுவில் பத்தொன்பது நாள்.
தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்திருந்த சமயம்.
பதினாறாயிரத்துச் சொச்சத்தை
அடுத்த லோடுக்குக் கட்டிக்கலாம் என்றிருக்கிறார்.
அந்த லோடுதான் இது.

"எங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கே மேடம்,
தேதி தாண்டாம கட்டியிருக்கோம்."
வக்கீல் பிரேமாவதி கண்ணாடியைக் கழற்றினார்.
"அது உங்க வீட்டுக்காரர் யாரையாவது இடிச்சிருந்தா
அவங்களுக்கும்மா."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஓனர் ஓட்டினா ஓனருக்குன்னு ஒண்ணு இருக்கு.
வண்டி கொழுந்தனார் பேர்ல இல்ல இருக்கு."

பஸ்ஸில் வரும்போது காவேரிப்பட்டணம் தாண்டித்தான்
எனக்கு உறைத்தது.
இது மொய் மாதிரி.
நாம் எழுதுவது அடுத்தவன் பந்தலில்.
நமக்கு விழ வேண்டியதை
எதிரே வருகிற, முகம் தெரியாத ஒருவன்
எழுதி வைத்திருக்க வேண்டும்.
வேடியப்பன் வருடம் தவறாமல் எழுதினார்,
ஒருநாளும் இடிக்காத யாருக்கோ.
அவருக்கான பக்கத்தில்
தேதி மட்டும் இருந்தது.

தீர்ப்பு: பதினான்கு லட்சத்து அறுபதாயிரம்,
ஏழரை சதவீத வட்டி.
கம்பெனி விடுவிக்கப்படுகிறது.
முதலாம் எதிர்மனுதாரர் செலுத்த வேண்டும்.
கோர்ட் வராந்தாவில் முதலாம் எதிர்மனுதாரர்
கைலியைக் கையில் பிடித்தபடி
என்னைப் பார்க்காமல் நின்றார்.

ஜப்திக்கு அமீனாவோடு நானும் போனேன்,
கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம்.
போகாமல் இருந்திருக்கலாம்.
வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள்.
சிமெண்ட் ஷீட் வீடு, ஒரு டிவி,
சுவரோரம் காலி கிரேட்டுகள்.
அமீனா அவற்றை எண்ணினார், நூற்றுப் பன்னிரண்டு.
திம்மராயனின் மனைவி
ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கி வந்து,
என்னை உட்காரச் சொல்லலாமா கூடாதா தெரியாமல்
கடைசிவரை கையிலேயே வைத்திருந்தாள்.
நானும் கேட்கவில்லை.

மாதம் இரண்டாயிரம் போனில் அனுப்புகிறார்.
சில மாதம் எழுநூறு.
வட்டியை விட்டுவிட்டு ஒருநாள் கணக்குப் போட்டேன்:
அறுபது வருடம் பத்து மாதம்.
அவருக்கு இப்போதே ஐம்பத்தொன்று.
மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறவர்களிடம்
இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

எனக்கென்று ஒரு ஸ்கூட்டி வாங்கினேன், என் பெயரில்.
முடிகிற தேதிக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுகிறேன்,
யாருக்கென்று தெரியாமல்.

இன்று முன்னால் ஒரு தண்ணீர் லாரி.
அடித்துப் பார்த்தேன்.
நாலு நாள் ஆகிவிட்டது.
ஓரமாகப் போய்க் கதவைத் தட்டினேன்.
"அண்ணே, இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு."
இஞ்சின் சத்தத்தில் என்ன கேட்டதோ,
பையன் தலையை வெளியே நீட்டி
பின் டயரைப் பார்த்தான்.
"காத்து இருக்குக்கா" என்று சிரித்தான்.

பச்சை விழுந்தது.
பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள்.
அவன் போகட்டும் என்று
காலை ஊன்றியே நிற்கிறேன்.