பேனாவில் வரையவும்

சொக்சோ பாரத்தின் நான்காம் பக்கத்தில்
எழுத்தே இல்லாத ஒரு கட்டம்.
வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு
இறந்தவர் போகும் வழியை
இதற்குள் வரைய வேண்டுமாம்.
இறந்தவர் பெயர் சின்னப்பன்.
அதை முதல் பக்கத்திலேயே எழுதியாயிற்று.

ஆறாம் ஆண்டுக்குப் பிறகு நான் படம் வரைந்ததில்லை.
முதலில் எங்கள் வரிசை, பத்தொன்பதாம் நம்பர் வீடு.
தண்ணீர்த் தொட்டி. மாதா கெபி.
செம்பனைக் கன்று நட்ட புதுக்காடு,
குலை லாரிகள் குழியாக்கிய செம்மண் ரோடு.
பிறகு தார். பிறகு பாகாவ் முச்சந்தி.
அங்கிருந்து வலப்பக்கம், பாலம் தாண்டினால்
ஆலை, நிறுவை மேடை,
ஆறு மணிப் பெரட்டு.
இருபத்தோரு வருசம் அவர் போன வழி
என் விரல் நீளம்கூட இல்லை.

கீழே அடகுக்கடை, மேலே வக்கீல் ஆபிஸ்.
சங்கிலியை ஈடு வைத்துவிட்டு
இழப்பீடு கேட்க ஏறிவந்தேன்.
ஒரே படிக்கட்டு.

போலீஸ் ரிப்போர்ட்டைப் புரட்டி
ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னாள் கலைமதி.
அந்த ஆபிசில் அவள்தான் எனக்குத் தமிழ்.
குறி, நான் போட்ட கோட்டின் மேல் விழவில்லை.
முச்சந்திக்கு இடப்பக்கம்
நானூறு மீட்டர் தள்ளி விழுந்தது.

"அக்கா, அண்ணன் ஏன் இந்தப் பக்கம் போனாரு?"

வேலைக்குப் போகிற வழியென்றால் மாதாமாதம் பென்சன்.
சொந்தக் காரியத்துக்கு விலகினாரென்றால்
கேள்வி கேட்பார்கள். நிறையக் கேட்பார்கள்.
லாரி இன்சூரன்ஸ் மேல் போடுவது வேறு கேஸ்.
அதில் ஏன் போனார் என்று கேட்கமாட்டார்கள்,
பின்விளக்கு எரிந்ததா என்று கேட்பார்கள்.

எரியவில்லை.
நாலு வெள்ளி பல்பு. வாங்கி வைத்தது நான்தான்.
இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது,
அட்டை பிரிக்காமல்.
அதற்காக ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் கழிப்பார்களாம்.
கழிக்கட்டும்.
இருந்த காலத்தில் நான் அவரிடம்
அதைவிட அதிகம் கழித்திருக்கிறேன்.

ஏன் போனார் என்றும் எனக்குத் தெரியும்.
அன்றைக்கு வியாழன்.
புதன் ராத்திரி குலுக்கல் நம்பரை
பூட்டிய கடையின் இரும்புக் கதவில் ஒட்டியிருப்பார்கள்.
கைப்பேசியிலேயே வருமே என்பான் மகன்.
"தாள்ல பாத்தாத்தான் நம்புவேன்."
ஹெல்மெட் உள்துணிக்குள் சீட்டை மடித்துச் செருகுவார்,
எனக்குத் தெரியாதென்று.
ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில்
அதுவும் இருந்தது.
நான்கு எண்ணும் தப்பு.

அந்த வாரம் பட்டணமே
அவர் மோட்டார் நம்பரை எடுத்தது.
எழுபத்து மூன்று பதினாறு.
ஆறுதல் பரிசில் வந்தது.
அதற்கு அப்படித்தான் பெயர்.
பக்கத்து வரிசை மரியசூசை
ஒரு டின் பிஸ்கட்டும் ஐம்பது வெள்ளியுமாக வந்து
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.
வாங்கிக்கொண்டேன்.
இந்தச் சாவுக்கு முதலில் வந்த பணம் அது.

"பென்சில் வேணாங்கா,
பேனாவுலதான் வரையணும்."

வேறொரு பாரம் தந்தாள்.
வீட்டிலிருந்து மறுபடி புறப்பட்டேன்.
புதுக்காடு. செம்மண். தார்.
முச்சந்தியில் பேனா நின்றது.
மை ஊறி ஒரு புள்ளி பெருத்தது.
கலைமதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இடப்பக்கம் திரும்பினேன்.
குறியைத் தாண்டி
இரும்புக் கதவு வரைக்கும் போய்,
தாளைப் பார்க்கவிட்டு,
வந்த வழியே முச்சந்திக்குத் திரும்பி, பாலம் ஏறி,
அவர் ஓட்டாமல் விட்ட தூரத்தையெல்லாம் ஓட்டி
ஆலை வாசலில் கொண்டுபோய் விட்டேன்.
மணி ஐந்து ஐம்பதுதான் இருக்கும்.
பெரட்டுக்கு இன்னும் நேரமிருந்தது.