பற்றற்ற இருவர்

பகோலோட் நகரம், நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரி.
வாழைப்பழத்தைச் சர்க்கரைப் பாகில் பொரித்து
குச்சியில் கோத்து விற்கிறேன். குச்சி இருபது பெசோ.
பெயர் பெட்ரோனிலா. வயது நாற்பத்து நான்கு.
உபதொழில் சாட்சி.

என் வாணலியிலிருந்து பதினொரு எட்டில்
நோட்டரி பலாசியோஸின் மேசை.
மேலே சிமெண்ட் கம்பெனி கொடுத்த குடை,
கீழே இரும்பு முத்திரை, நூல் தைத்த பேரேடு,
தட்டச்சு செய்ய டோடோங் என்றொரு பையன்.
"பற்றற்றவர் ரெண்டு பேர்!" என்று
மலைமேல் துறவிகளை அழைப்பதுபோல்
அவன் கூவினால்
நெருப்பைத் தணித்துவிட்டு நான் போவேன்,
டிரைசைக்கிளை ஓரங்கட்டிவிட்டு எல்பிடியோ வருவான்.

சட்டம் கேட்பது அவ்வளவுதான்:
இரத்த உறவோ மண உறவோ இல்லாத,
இதில் லாபமோ நட்டமோ இல்லாத இருவர்.
தலைக்கு ஐம்பது பெசோ.
அது லாபத்தில் சேராதாம்.

தொலைந்த பர்ஸ்களை நான் அறிவேன்.
ஜோசலினும் ஜோஸ்லினும் ஒருத்திதான் என்று அறிவேன்.
கப்பலுக்குப் போன ஒருவன் ஒன்பது வருடமாக
வீடு திரும்பவில்லை என்பதை
அவன் முகம் அறியாமலே
நேரில் அறிவேன்.

அன்றைக்கு வந்தவர் மக்காரியோ.
இரண்டு ஜீப்னி மாறி வந்திருந்தார்.
கரும்புச் சோகை கிழித்த கைகள்.
அறுபத்தேழு என்றார்; நம்பலாம் போலத்தான் இருந்தது.
முதியோர் பணம் கேட்கப் போன இடத்தில்
பிறப்புத் தாள் எங்கே என்றார்களாம்.
கோயில் பதிவேட்டைக் கறையான் தின்றது என்றாராம்.
அப்படியானால் நீங்கள் இன்னும் பிறக்கவில்லை
என்று அனுப்பிவிட்டார்களாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
நாங்கள் யாரும் சிரிக்கவில்லை,
டோடோங் தட்டிக்கொண்டிருந்தான்.

"மேற்படியார் பிறந்ததை
நாங்கள் நேரடியாக அறிவோம்."
நான் பிறக்க இருபத்து மூன்று வருடம் இருக்கையில்
நான் அறிந்தது அது.
எல்பிடியோ என்னைவிடச் சின்னவன்,
அவன் இன்னும் முன்கூட்டியே அறிந்திருக்கிறான்.

பிறகு டோடோங் நிறுத்தினான்.
"தாயார் பெயர்?"
"நானாய்."
"அம்மா என்றால் அம்மாதான் ஐயா. பெயர்?"

அவர் மேசையைப் பார்த்தார்.
முத்திரையைப் பார்த்தார்.
அவருக்கு நாலு வயதில் அவள் போய்விட்டாள்;
பெயர் சொல்லி அவளைக் கூப்பிட
வீட்டில் வேறு ஆள் இருந்ததில்லை.

காலி இடம் விட்டால் முத்திரை விழாது
என்றார் பலாசியோஸ், சோற்றிலிருந்து தலை தூக்காமல்.
பின்னால் வரிசை முனகியது.
கடைசி ஜீப்னி நாலரைக்கு.

"செலஸ்டினா," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
வாய்க்கு வந்த பெயர் அது.
எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய பெயர்
அது ஒன்றுதான்.
டோடோங் எழுத்துக் கூட்டிக் கேட்டான்.
கூட்டிச் சொன்னேன்.
அவர் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்,
சூடு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல்.

வலது கையை உயர்த்தினோம்.
"எல்லாம் உண்மைதானே?"
"உண்மை."
இரத்த உறவு இல்லை என்று மூன்றாம் பத்தியில் நான்,
என் அம்மாவின் மகன் என்று ஐந்தாம் பத்தியில் அவர்,
இரண்டுக்கும் கீழே என் பெருவிரல்.
பலாசியோஸ் இரும்பை அமுக்கினார்.
தாள் ஒருமுறை முனகி
வட்டமாய்ப் புடைத்தது.

திரும்பி வந்தால் பாகு கருகியிருந்தது.
அவரும் பின்னாலேயே வந்தார்,
தாளைச் சட்டைக்குள் வைத்து, மேலே கை வைத்து.
கருகாத குச்சியாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.
நின்றபடியே தின்றார். விலை கேட்டார்.

சும்மா கொடுத்திருப்பேன்.
உறவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேனே.
வாங்கிக்கொண்டேன்,
பதினெட்டு பெசோ.