பதினான்கு பக்கம் பின்னால்

பகாவ் கடைத்தெருவில் புதுப்புத்தகம்
நூற்று அறுபத்தெட்டு வெள்ளி.
செம்பனைக்கு உரம் போடும் அம்மாவுக்கு
மூன்று நாள் கூலி.
ஆ சோங்கின் பழைய சாமான் கொட்டகையில்
அதே செலவுக் கணக்கியல், ஏழாம் பதிப்பு,
பியர் டின்களுக்கும் உடைந்த காற்றாடிக்கும் நடுவே.
தராசில் போட்டான். ஒன்றே முக்கால் கிலோ.
காகித விலைக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது.
என் முகத்தைப் பார்த்து ஐந்து என்றான்.
முகத்தை மாற்றிக்கொண்டு
மூன்றுக்கு முடித்தேன்.

போலிடெக்னிக்கில் ஒன்பதாம் பதிப்பு.
"இருநூற்றுப் பன்னிரண்டு" என்பார் விரிவுரையாளர்.
எல்லோரும் புரட்டி நிறுத்தியபின்
என் விரல் மட்டும் பின்னோக்கி நடக்கும்
நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு.
பதினான்கு கழிக்க வேண்டும், எப்போதும்.
அந்த ஒரு கழித்தலில் மட்டும்
வகுப்பிலேயே நான்தான் வேகம்.
பாடம் அதே பாடம், பயிற்சிக் கணக்குகளைத்தான்
மாற்றி வைத்திருந்தார்கள்.
ஹஃபிசாவிடம் இரவல் வாங்கி
பக்கம் எட்டுக் காசுக்கு போட்டோஸ்டாட் எடுத்து
சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.
வயிறு வீங்கிய புத்தகம்
மூட மறுத்தது.

முதல் தாளில் நீல மை:
யோகமலர் த/பெ சன்னாசி.
ஓரமெல்லாம் பென்சில்.
இது சோதனையில் வரும்.
புரியலை, நாளைக்குக் கேள்.
கேட்டாச்சு.
அவளுடைய ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.
எட்டாம் பாடம்வரை எனக்கு முன்னால் போனாள்.
ஒன்பதில் பென்சில் இல்லை.
தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.
சவரக்கத்தியால் பிரித்து
மீதியை நானே எழுதினேன், பேனாவால்.

போன சனிக்கிழமை
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மினி மார்க்கெட்.
பருப்புக்கு விலை அட்டை, கையெழுத்தில்:
7.70
இரண்டு ஏழுக்கும் இடுப்பில் கோடு.
கல்லாவில் இருந்தவளிடம் எதுவும் கேட்கவில்லை.
பருப்புக்குப் பக்கத்தில்
புத்தகத்தை எடுத்து வைத்தேன்.
பழக்கத்தில் அதற்கும் ஸ்கேனரை நீட்டியவள்
பாதியில் நிறுத்தினாள்.
புரட்டினாள். தன் எழுத்தை வேகமாகத் தாண்டினாள்.
ஒன்பதில் நின்றாள்.

"இங்க தப்பு லா.
நிலைச்செலவ விட்டுட்ட."

காதிலிருந்து பென்சிலை உருவி
என் பேனா விடையை அடித்துவிட்டு
நின்றபடியே போட்டு முடித்தாள்.
எனக்குப் பின்னால் வரிசை
ரொட்டிக் கட்டுவரை நீண்டிருந்தது.
யாரோ தொண்டையைச் செருமினார்.

புத்தகத்தை மூடி,
மூடாத புத்தகத்தைக் கையால் ஒருமுறை அழுத்தி,
என் பக்கம் தள்ளினாள்.
"ஏழு வெள்ளி எழுபது" என்றாள்.