பத்து மணிப் பால்

எண்பத்து நாலு நாள் முடிந்த மறுநாள்
பெரட்டுக்களத்தில் என் பேரைக் கூப்பிட்டார்கள்.
இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டினேன்.
வயிறு இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை.

இதெல்லாம் தானாய் வரும் என்றுதான்
எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.
ஆஸ்பத்திரியில் குமுதுனி மிஸ்
என் மார்பை ஒரு கையில் அள்ளி
பிள்ளையின் வாயில் திணித்தாள்,
சாக்கில் கொழுந்தை அமுக்குகிற மாதிரி.
அவள் சிங்களத்தில் சொன்னதில்
பாதி விளங்கியது.
மற்றப் பாதி வலித்தது.

காம்பு வெடித்த இரவில்
பிள்ளை கக்கிய பாலில் சிவப்பு இருந்தது.
அவன் அப்பா லைட்டைப் போட்டார்,
பார்த்தார்,
அணைத்துவிட்டார்.
லயத்துச் சுவருக்குக் காது மட்டுமா, வாயும் உண்டு.
இந்தப் பக்கத்திலிருந்து, "பால் பத்தலயோ?"
அந்தப் பக்கத்திலிருந்து, "பூண்டு அவிச்சிக் குடுங்க."

பால் இல்லாமல் இல்லை.
அது கல்லாய்க் கிடந்தது.
காய்ச்சலில் பல் கிட்டி நடுங்க,
லீக்ஸ் பாத்தி ஓரத்துக் கோவா இலையைப் பறித்து
மார்புக்குள் வைத்துக் கட்டினார்கள்.
விடியும்போது இலை வெந்திருந்தது.
இரண்டு நாள் என்மேல்
கல்யாண வீட்டுச் சமையல் வாசம்.
சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது.

இப்போது பத்து மணிக்கு
ஏழாம் நம்பர் மலையின் உச்சியில்
கை கொழுந்தில் இருக்கும்போதே
அது இறங்கிவிடும்.
காக்கை கத்தினால் போதும்.
கீழே மஸ்கெலியா ரோட்டில்
பஸ் ஹோர்ன் அடித்தால் போதும்.
சட்டை நனையும், படங்கு நனையும்.
மழை நாளில் யாருக்கும் தெரியாது.
மழைக்கு அந்த ஒரு நல்ல குணம்.

பால் கொடுக்க ஒரு மணித்தியாலம் தருகிறார்கள்.
பிள்ளைக் காம்பராவுக்கு இறங்க இருபத்தைந்து நிமிசம்,
திரும்ப ஏற முப்பத்தைந்து.
மிச்சம் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள்,
கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள்.

அன்று காலில் அட்டையோடு ஓடி வந்தேன்.
மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.
ரெஜினாக்கா உதட்டில் விரல் வைத்தாள்:
இப்பதான் கண்ணயர்ந்தான், எழுப்பாதே.
பக்கத்துத் தொட்டிலில் யோகமலரின் மகள்
தொண்டை கிழியக் கத்தினாள்.
யோகமலருக்கு அன்று மேற்பிரிவில் வேலை,
அங்கிருந்து இறங்கி வந்தால்
அவள் பேர் போய்விடும்.

நான் யோசித்து முடிப்பதற்குள்
என் இரண்டு மார்பும் பதில் சொல்லிவிட்டன.

எடுத்தேன்.
அவள் பிடி வேறு.
என் மகனைப் போல் கடித்து இழுக்கவில்லை.
கண்ணை மூடாமல் குடித்தாள்,
புதுக் கடையில் கடன் கேட்க வந்தவளைப் போல
என் முகத்தையே பார்த்துக்கொண்டு.
ரெஜினாக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது பார்த்து அவன் விழித்தான்.
மிச்சம் இருந்ததைக் குடித்தான்,
போதாமல் காம்பை உதறிவிட்டு
என்னைப் பார்த்து அழுதான்.
அவனுக்குத் தெரிந்திருக்காது.
தெரிந்ததுபோல்தான் அழுதான்.
கதவைத் தாண்டும்போது
பின்னால் போத்தல் கழுவுகிற சத்தம்.

பின்னேரம் தராசில் பதினாறு கிலோ.
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்து
அரைப் பேர் போட்டார்.
"எல நனஞ்சிருக்கு" என்றார்.
ஆமாம் என்றேன்.
எதில் நனைந்தது என்று அவர் கேட்கவில்லை.

பிள்ளைக் காம்பரா வாசலில்
யோகமலர் மகளை வாங்கி நெஞ்சோடு வைத்தாள்.
அவள் சட்டையிலும் இரண்டு வட்டம்,
ஓரம் காய்ந்து நடுவில் ஈரமாய்.
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"வலி தாங்கல புள்ள,
செடி மூட்டுல பீச்சிட்டு வந்தேன்" என்றாள்.

எந்தச் செடி என்று கேட்டேன்.
அதை ஏன் கேட்டேன் என்று
இன்றுவரை தெரியவில்லை.