குழாய் வரைந்த கோடு

வீடு வாங்கிய பதினோராவது மாதம்
பின்புறப் புல்லின் மேல்
பச்சைத் தண்ணீர்க் குழாயை விரித்துப் போட்டேன்,
பாத்தியின் ஓரம் எப்படி வளையும் என்று பார்க்க.
வேலியில் கிளம்பி, துணிக்கொடிக் கம்பத்தைச் சுற்றி,
சமையலறை ஜன்னலுக்கு நேரே வந்து
வயிறு தள்ளி நின்றது.
எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை அது கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

ஜெபராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
புல்வெட்டி திரும்ப இடம் வேண்டும் என்பது
அவன் முதுகில் தெரிந்தது.
அவன் வேலைக்குப் போனதும் காலால் தள்ளி வளைத்தேன்.
விடிந்தால் மறுபடி நிமிர்ந்து கிடந்தது.
ஒன்பது நாள் இப்படி.
சாப்பாட்டு மேசையில் வங்கித் தவணை பற்றிப் பேசினோம்,
காரின் பிரேக் சத்தம் பற்றிப் பேசினோம்.
பத்தாம் நாள் அவன்
காலாவதியான மைதா பாக்கெட்டை எடுத்துவந்து
குழாயை ஒட்டியே தூவிக்கொண்டு போனான்.
என் கோடும் இல்லை, அவன் கோடும் இல்லை.

டார்னிட் மண்ணை மண் என்று சொல்ல நாக்கூசும்.
மழையில் அல்வா, வெயிலில் ஓடு.
கடப்பாரை ஒரு சாண் இறங்கி
ணங்கென்றது.
அரைச் செங்கல். பிறகு இன்னொன்று. பிறகு எண்ணவில்லை.
வாளி வடிவத்திலேயே உறைந்த சிமென்ட்,
நீலக் குழாய்த் துண்டு,
ஸ்ட்ராவோடு ஓர் ஐஸ் காபி டப்பா,
இடக்கை உறை ஒன்று மட்டும்.
வீட்டைக் கட்டியவர்கள்
கணக்கில் வராததையெல்லாம் இங்கே தள்ளி
மேலே புல்லைப் பாய் போல உருட்டி விரித்திருக்கிறார்கள்.
பதினோரு மாதம் அதன்மேல் நின்றுதான்
துணி காயப்போட்டிருக்கிறேன்.
உறையை உதறிப் போட்டுப் பார்த்தேன்.
பெரிதுதான். ஆனால் நான் இடக்கைக்காரி.

குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி
வேலிக்கு மேலே தலை நீட்டினாள் கார்மென் ஸமிட்:
குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்த் தூங்கு,
காலையில் இருந்தால் செடி பிழைக்காது.
காலையில் இருந்தது.
அதில் ஒரு மேகம், இறங்கப் போகும் ஒரு விமானம்,
என் கலைந்த தலை.
மூன்றாம் நாள் மேக்பை ஒன்று வந்து
குடித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தது.

ஜிப்சம் நான்கு மூட்டை. காரின் பின்பக்கம் தாழ்ந்தது.
சித்திரை பிறந்த வாரம் நட்டேன்,
இங்கே அது இலை பழுக்கும் காலம்.
லாவெண்டர் ஐந்து, சால்வியா மூன்று,
கங்காரு பாதம் இரண்டு, கடைசியில் ஒரு செவ்வந்தி.
‘முழு வெயில், நல்ல வடிகால்’ என்றது அட்டை.
யாருக்குத்தான் வேண்டாம்?

ஜூலை மழையில்
மூன்று லாவெண்டர் நின்றபடியே செத்தன.
பிடுங்கினால் வேர் வரவில்லை,
வடித்த டீத்தூள் போல ஏதோ வந்தது.
அன்றிரவு சாப்பிடாமல் படுத்தேன்.
ஒரு செடிக்கு எட்டு டாலர், அதற்காக இல்லை.

தாகத்தில் விழித்தபோது படுக்கையில் அவன் பக்கம் காலி.
ஜன்னலில் பார்த்தேன்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பாத்தியைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறான்.
வெட்டிய மண்ணை உள்ளே ஏற்றுகிறான்.
வேலியோரம் குவித்திருந்த அரைச் செங்கல்களை
ஒவ்வொன்றாகத் தட்டி ஓரம் கட்டுகிறான்.
நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.
காலையில், ஜன்னலுக்கு நேரே வரும் இடத்தில்
செங்கற்கள்
மைதாக் கோட்டைத் தாண்டி வெளியே வளைந்திருந்தன,
சரியாக என் வயிறு.

இது மூன்றாவது வசந்தம்.
சால்வியா தானே விதை உதிர்த்து
கல்லுக்கு வெளியே, புல்லுக்குள்
ஒன்று முளைத்து முழங்கால் உயரம் நிற்கிறது.
சனிக்கிழமை புல்வெட்டி அதைச் சுற்றிப் போயிருக்கிறது.
நான் கேட்கவில்லை.

இப்போது குழாய்
கடைசிச் செவ்வந்திக்கு ஒரு கை குறைகிறது.
கட்டைவிரலால் வாயை அடைத்து வீசுகிறேன்.
போய்ச் சேர்கிறது,
பெரும்பாலும்.